பாண்டம் ஹெட்டிலிருந்து முதல் நோயாளி வரை: ஜூனியர்களுக்கு நான் சொல்வது

கிளினிக்குள் நுழையப்போகும் பல் மருத்துவ மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பாண்டம் ஹெட்டில் (பல் வெட்டிப் பழகும் பொம்மைத் தலை) கேவிட்டி (ஃபில்லிங்குக்காகப் பல்லில் வெட்டும் குழி) நன்றாகத்தான் வருகிறது. நோயாளிக்கும் அதைத்தானே செய்யப்போகிறோம், அப்புறம் ஏன் இவ்வளவு பயம்?" அந்தப் பயம் நியாயமானது. லேபில் மதிப்பெண் கிடைப்பது வெட்டி முடித்த பல்லுக்கு. எப்படி உட்கார்ந்து வெட்டினோம், தண்ணீர் ஓடியதா, யாரிடமாவது பேசினோமா என்பதை அங்கே பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. கிளினிக்கில் கைகொடுப்பவை இவைதான். இவற்றை லேபிலேயே பழகிவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உட்காரும் முறை. 1894-இல் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் பாண்டம் ஹெட்டைக் கொண்டுவந்தது, பல்லைக் கையில் பிடித்து வெட்டாமல் தலைக்குள் இருக்கும் நிலையிலேயே வெட்டிப் பழகுவதற்காக. ஆனால் கஷ்டமான பல் வந்ததும் தாடையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. சிலர் ரப்பர் கன்னத்தை எடுத்துவிடுவார்கள், சிலர் தலையை எந்த மனிதக் கழுத்தும் திரும்பாத கோணத்துக்குத் திருப்புவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வாய் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். வலது கைக்காரர் என்றால் கடிகாரத்தின் 9 முதல் 12 வரையிலான இடத்துக்குள் உட்காருங்கள். மேல் கடைவாய்ப் பல்லைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்து வெட்டுங்கள். ஆரம்பத்தில் கை எதிர்த்திசையில்தான் போகும். அந்தத் தடுமாற்றமெல்லாம் பிளாஸ்டிக் பல்லோடு முடிந்துபோகட்டும்.

ஃபிங்கர் ரெஸ்ட்டும் அப்படித்தான். பொம்மை அசையாது என்பதால் விரலை ஊன்றாமலே வேலை முடிந்துவிடும். நோயாளி இருமுவார், விழுங்குவார், சட்டென்று தலையைத் திருப்புவார். மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருந்தால் தலையோடு சேர்ந்து உங்கள் கையும் நகரும், பர் (பல்லை வெட்டும் சுழல் முனை) இடம் மாறாது.

அடுத்தது தண்ணீர். கண்ணாடியில் துளி தெறித்துப் பார்வை மறைகிறது என்று லேபில் ஸ்ப்ரேயை மூடிவிட்டு வெட்டுவது பலருக்கும் பழக்கம். பிளாஸ்டிக் பல்லுக்குக் கூழ் (பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள திசு) கிடையாது, அதனால் எந்தக் கேடும் தெரியாது. உயிருள்ள பல் அப்படியல்ல. காற்றழுத்தத்தில் இயங்கும் வெட்டுக் கருவியான ஏரோட்டாரின் பர் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. 1965-இல் ஜாக், கோஹன் இருவரும் குரங்குகளின் பற்களைச் சூடாக்கிப் பார்த்தார்கள். கூழின் வெப்பநிலை சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்த பற்களில் 15 சதவீதம் மீளவில்லை. தண்ணீரோடும், அதை உறிஞ்சியெடுக்கும் சக்‌ஷனோடும் வெட்டும் பழக்கம் லேபிலேயே வந்துவிட வேண்டும் என்பது இதனால்தான். நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து சக்‌ஷன் பிடிக்கச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் அவருக்குப் பிடியுங்கள். உதவியாளராக இருக்கும்போது கற்பது நிறைய.

பிளாஸ்டிக் பல் கற்றுத்தராத இன்னொன்று தொடு உணர்வு. பல்லின் கடினமான வெளி அடுக்கான எனாமலைத் தாண்டி, உள் அடுக்கான டென்டினுக்குள் பர் இறங்கும்போது கைக்கு ஒரு மாற்றம் தெரியும். சொத்தை பிடித்த டென்டின் ஸ்பூன் எக்ஸ்கவேட்டரில் மெதுவாகச் சுரண்டி வரும், நல்ல டென்டின் கீறும் சத்தத்தோடு எதிர்த்து நிற்கும். முழுவதும் ஒரே கடினத்தன்மையோடு இருக்கும் செயற்கைப் பல்லில் இதை உணர வழியில்லை. முறைப்படி கிருமிநீக்கம் செய்த, பிடுங்கப்பட்ட பற்கள் கிடைத்தால் விடாதீர்கள். அதிலும் சொத்தைப் பல் கிடைத்தால் பொக்கிஷம். நோயாளியின் பல்லில் சொத்தை எங்கே நிற்கிறதோ அதுதான் கேவிட்டியின் வடிவத்தை முடிவு செய்யும், மாதிரிப் படம் அல்ல.

கிளாஸ் 2 (பக்கத்துப் பல்லைத் தொடும் பக்கத்தில் வரும் கேவிட்டி) வெட்டும்போது பக்கத்துப் பல்லில் பர் பட்டால் லேபில் மதிப்பெண் குறையும், ஸ்க்ரூவைக் கழற்றிப் புதுப் பல் மாட்டிக்கொள்ளலாம். நோயாளிக்கு அது ஆயுள் முழுவதும் இருக்கும் கீறல். இடையில் ஒரு மெட்டல் மேட்ரிக்ஸ் பேண்டை (மெல்லிய உலோகப் பட்டை) வைத்துவிட்டு வெட்டப் பழகுங்கள்.

இனி பேச்சு. என்னைப் பொறுத்தவரை மிகவும் குறைவாகப் பயிற்சி செய்யப்படுவது இதுதான். பொம்மையிடம் பேச வெட்கமாக இருந்தால் நண்பரை நாற்காலியில் உட்காரவைத்து கேஸ் ஹிஸ்டரி எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, அலர்ஜி, கர்ப்பம், காலையில் சாப்பிட்டாரா என்பது வரை கேளுங்கள். "நான் மாணவர், ஒவ்வொரு கட்டத்தையும் எங்கள் ஆசிரியர் பார்ப்பார்" என்று தயங்காமல் சொல்லிப் பழகுங்கள். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லுங்கள். அவர் தூக்கியதும் உண்மையிலேயே நிறுத்துங்கள். ஒருமுறை நிறுத்தாமல் போனால் அந்த நாற்காலியில் நம்பிக்கை திரும்ப வராது.

மரத்துப்போகும் ஊசி போட்டபின் அவசரம் வேண்டாம். கீழ்த்தாடை பிளாக்கில் (கீழ்த்தாடை நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) உதடு மரத்துவிட்டது என்பதாலேயே பல்லும் மரத்துவிட்டது என்று அர்த்தமில்லை. காத்திருந்து, சோதித்துப் பார்த்துத் தொடங்குங்கள். ஊசி போடும்போதோ பிறகோ முகம் வெளுத்து வியர்த்தால் வேலையை நிறுத்தி, நாற்காலியைப் படுக்கையாக்கிக் காலை உயர்த்தி, உடனே ஆசிரியரைக் கூப்பிடுங்கள். இதையும் நண்பர்களோடு நடித்துப் பாருங்கள். பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடாதீர்கள். மூடியைத் தட்டில் வைத்து ஒரே கையால் கோர்த்தெடுக்கும் முறை லேபிலேயே கைக்கு வந்துவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதல் நோயாளிக்கு முன்பே முழுமையாகப் போட்டிருங்கள். வழக்கமான அட்டவணையில் 0, 1, 6 மாதங்கள் என்று 3 ஊசி, ஆகவே கடைசி நேரத்தில் ஓடினால் ஆகாது.

முதல் கேஸாக எளிதான ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வாய் நன்றாகத் திறக்கும் ஒருவருக்கு ஸ்கேலிங் (பற்காரையை நீக்குவது), அப்புறம் ஒரு சின்ன கிளாஸ் 1 (கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில் வரும் கேவிட்டி). எந்தெந்த இடத்தில் நிறுத்தி ஆசிரியரிடம் காட்டுவீர்கள் என்பதை முந்தைய நாளே எழுதி வையுங்கள்: ஊசிக்கு முன், சொத்தை எடுத்தபின், ஃபில்லிங்குக்கு முன். நடுவில் சந்தேகம் வந்தாலும் நோயாளியின் எதிரிலேயே "மேம், ஒரு நிமிடம் பாருங்கள்" என்று கூப்பிடலாம். நோயாளிக்கு அது தைரியம்தான் தரும். அவர் போனதும், அடுத்தவரை அழைக்கும் முன், என்ன செய்தீர்கள், எவ்வளவு மருந்து போட்டீர்கள், மீண்டும் எப்போது வரச் சொன்னீர்கள் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதி ஆசிரியரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.