பொம்மைக்கு உயிர் வந்தா அடுத்தது அடுப்புதான்

போன வாரம் ராத்திரி பொண்ணுக்கு ஆண்டர்சன் எழுதுன ஈயச் சிப்பாய் கதைய சொல்லிட்டு இருந்தேன். முடிச்சதும் தூங்கிடுவான்னு பாத்தா எந்திரிச்சு உக்காந்துட்டா. "அந்தப் பையன் ஏன்ப்பா அவன அடுப்புல போட்டான்?" எனக்கும் தெரியல, கதைலயும் பையன் ஒரு காரணமும் சொல்றதில்ல. மூக்குப்பொடி டப்பாக்குள்ள இருக்கற குட்டிச்சாத்தான் வேலையா இருக்கும்னு போற போக்குல ஒரு வரி வரும், அவ்ளோதான்.

1838ல வந்த கதை அது. ஒரு பழைய ஈயக் கரண்டிய உருக்கி 25 சிப்பாய் வார்க்கறாங்க, கடைசி ஆளுக்கு ஈயம் பத்தாம ஒத்தக்காலோட நிக்கறான். ஜன்னல்ல இருந்து தெருவுல விழுந்து, பசங்க செஞ்ச பேப்பர் கப்பல்ல சாக்கடைக்குள்ள போயி, அங்க ஒரு எலி பாஸ்போர்ட் எங்கன்னு கேக்க, அப்புறம் மீன் வயித்துக்குள்ள போயி, அந்த மீன் சுத்தி சுத்தி அதே வீட்டு கிச்சனுக்கே வந்து சேரும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் அவன் கீழ விழுந்தப்ப வர்றது. வீட்ல இருந்து தேடி வர்றாங்க, மிதிச்சிடற தூரத்துல நிக்கறாங்க, "இங்க இருக்கேன்"னு ஒரு குரல் குடுத்தா போதும். குடுக்க மாட்டான். யூனிஃபார்ம் போட்டுட்டு கத்தறது நல்லா இருக்காதாம்! உயிர் இருக்கு, யோசனை இருக்கு, எதிர்ல நிக்கற காகித டான்ஸ்காரி மேல காதல் வேற இருக்கு, ஆனா ஆள் அசையறதில்ல. யார் எங்க தூக்கி போட்டாலும் அங்க போய் நிப்பான். பொம்மைன்னா அப்படித்தானே.

அடுப்பு சீன சொல்றப்ப எனக்கு எங்கம்மாவோட ஈயச்சொம்புதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு நாள் ரசத்துக்கு சொம்ப அடுப்புல வெச்சுட்டு புளித்தண்ணி ஊத்தறதுக்குள்ள போன் வந்துச்சுன்னு ஹாலுக்கு போனாங்க, திரும்பி வந்து பாத்தா சொம்போட அடி காணோம், பர்னர சுத்தி வெள்ளி மாதிரி ஓடி உறைஞ்சு கெடக்கு. அதுல ஒரு கட்டி ரொம்ப நாள் ஜன்னல் திண்டுல கெடந்துச்சு, தூக்கிப் போட மனசு வரல போல. ஈயம் 232 டிகிரிலயே உருகிடும், கேஸ் அடுப்புக்கு அது ஒரு விஷயமே இல்ல. கதைலயும் மறுநாள் வேலைக்காரப் பொண்ணு சாம்பல அள்றப்ப ஒரு குட்டி ஈயக் கட்டிதான் கெடைக்குது, இதய வடிவத்துல.

பொண்ணு கேட்டதுக்கு அப்புறம் உக்காந்து யோசிச்சேன், உயிர் வந்த பொம்மை கதை எத எடுத்தாலும் எங்கயாச்சும் ஒரு நெருப்பு காத்துட்டு இருக்குங்க. மர பொம்மை பினோக்கியோவ பாருங்க, ஈரக்கால காய வைக்க கங்கு மேல தூக்கி வெச்சுட்டு தூங்கிடறான், ரெண்டு பாதமும் எரிஞ்சு சாம்பலாகுது, இவன் என்னமோ வேற யாரோட காலோ எரியற மாதிரி கொறட்டை விட்டுட்டு இருக்கான். கால் சரியாகி வெளிய போனா பொம்மலாட்டக்காரன் கிட்ட மாட்டறான், அந்தாளு பேரே நெருப்பு தின்னின்னு அர்த்தம் வர்ற பேரு, ஆட்டுக்கறி சரியா வேகல வெறகுக்கு இவன கொண்டாங்கடான்றான். அப்புறம் 1922ல வந்த வெல்வெட் முயல் கதை. அந்த முயல் பொம்மைய வெச்சிருந்த பையனுக்கு ஸ்கார்லெட் ஃபீவர்னு ஒரு தொத்துக் காய்ச்சல் வந்து சரியானதும் டாக்டர் வந்து முயல் பூரா கிருமி, உடனே எரிச்சிடுங்கன்னுட்டு போயிடறாரு. முயல சாக்குல போட்டு கோழிக்கூண்டு பின்னாடி வெச்சிடறாங்க. தோட்டக்காரருக்கு அன்னைக்கு உருளைக்கிழங்கு தோண்டற வேலை இருந்துச்சு, நாளைக்கு காலைல எரிக்கறேன்னுட்டாரு, அதனாலதான் முயல் பொழச்சுது. அதுக்கப்புறம் தேவதை வந்து நிஜ முயலாக்கறதெல்லாம் எனக்கு கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கும், உருளைக்கிழங்குதான் எனக்கு தேவதை. 2010ல டாய் ஸ்டோரி மூணாவது பார்ட்லயும் குப்பைய எரிக்கற உலை முன்னாடி எல்லா பொம்மையும் கைய புடிச்சுக்கும், தியேட்டர்ல என்னை சுத்தி இருந்த பெரியவங்கதான் அழுதாங்க.

கதைக்காரங்க பயமுறுத்த சேத்ததுன்னு நினைச்சா அதுவும் இல்ல. பென்சிலின் வராத காலத்துல ஸ்கார்லெட் ஃபீவர் வந்த கொழந்தையோட பொம்மை, புக்கு, படுக்கைன்னு நெஜமாவே எரிச்சிருக்காங்க. மரம்னா எரியும், ஈயம்னா உருகும், துணின்னா கிருமின்னு சொல்லுவாங்க. பொம்மைய செஞ்சதும் பெரியவங்கதான், அடுப்புகிட்ட கொண்டு போறதும் பெரியவங்கதான். ஆண்டர்சன் கதைல மட்டும்தான் ஒரு சின்னப் பையன் போடறான், அதனாலதான் இவளால அத தாங்க முடியலன்னு நெனைக்கறேன்.

சரி ஒரு நல்ல முடிவு சொல்லுவோம்னு பினோக்கியோவோட கடைசிய சொன்னேன். 1881ல ரோம்ல ஒரு கொழந்தைங்க பத்திரிகைல தொடரா வந்தப்ப அத எழுதுன கொலோடி பினோக்கியோவ ஓக் மரத்துல தூக்குல தொங்க விட்டு கதைய முடிச்சுட்டாரு, அப்புறமா தொடரணும்னு ஆகி திரும்ப எழுதினதுலதான் அவன் நெஜப் பையனாகறான். அத சொல்லல, பையன் ஆனத மட்டும் சொன்னேன். காலைல எந்திரிச்சு பாத்தா நெஜப் பையன், பக்கத்து ரூம்ல நாற்காலில சாஞ்சபடி பழைய மர பொம்மை தலை ஒரு பக்கம் திரும்பி கை தொங்கிட்டு கெடக்கு, அதப் பாத்து நான் எவ்ளோ காமெடியா இருந்திருக்கேன்னு தனக்குள்ள சொல்லிக்கறான்.

"அப்போ அந்த மர பொம்மை என்னாச்சு?"

கொலோடி அதோட நிறுத்திட்டாரு. அது குளிர்காலம் வர்ற ஊரு, அது நல்லா காஞ்ச கட்டை. நான் ஒண்ணும் சொல்லாம லைட்ட ஆஃப் பண்ணிட்டேன்.