கட்சிச் சண்டைக்கு நடுவே ஓர் அரசர்: சியோலிலிருந்து சுவோன் வரை

ஹ்வாசோங் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே சுவோனுக்கே ரயில் ஏறிவிடுகிறார்கள். அப்படிப் போனால் அழகான மதில் கண்ணுக்குத் தெரியும். அதை ஏன் கட்டினார்கள் என்பது பிடிபடாது. அதைக் கட்டிய கொரிய மன்னர் ஜொங்ஜோவின் ஆட்சியை (1776–1800) புரிந்துகொள்ள சியோலில் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

மெட்ரோ 4-ஆம் தடத்தில் ஹ்யேஹ்வா நிலையத்தில் இறங்கி, சங்க்யுன்க்வான் பல்கலைக்கழக வாசலுக்கு நடந்துவிடலாம். அங்கே சிறு மண்டபத்துக்குள் 1742-இல் நட்ட ஒரு கல் நிற்கிறது. அன்று இங்கே படித்த வருங்கால அதிகாரிகள் கட்சி கட்டக் கூடாது என்று ஜொங்ஜோவின் தாத்தா யொங்ஜோ வைத்தது. நோரோன், சோரோன், நாமின் என்று பிரிந்த அரசவையில், ஒரு கட்சியின் கை ஓங்கினால் எதிர்க்கட்சிக்கு நாடுகடத்தலோ மரணமோதான். எல்லாத் தரப்பிலிருந்தும் ஆள் எடுக்க யொங்ஜோ முயன்றார். ஆனாலும் நோரோனின் பிடி தளரவில்லை.

அடுத்தது சாங்க்யோங்குங் அரண்மனை. பிரதான மண்டபத்தோடு திரும்பிவிடாமல், பக்கத்திலுள்ள முன்ஜோங்ஜோன் முற்றத்துக்கும் போங்கள். 1762 கோடையில் யொங்ஜோ தன் மகன் சாதோவை அரிசிப் பெட்டிக்குள் அடைத்தது இங்கேதான். எட்டாம் நாள் இளவரசர் இறந்துபோனார். அவர் மகன் ஜொங்ஜோவுக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. அந்தச் சாவுக்கு இரங்கியவர்கள் சிபா, தண்டனை சரியே என்றவர்கள் ப்யோக்பா என்று பிளவு மேலும் ஆழமானது.

இங்கிருந்து ஹம்யாங்முன் வாசல் வழியாகவே சாங்தொக்குங் அரண்மனைக்குள் போகலாம், டிக்கெட் தனி. பின்தோட்டத்துக்கு அதற்கும் மேல் நேரம் குறித்த டிக்கெட் வேண்டும், முன்பதிவு செய்துவிடுவது நல்லது. குளத்துக்கு மேலே படிகளில் உயர்ந்து நிற்கும் ஜுஹம்னுதான் ஜொங்ஜோ பட்டமேறிய ஆண்டே தொடங்கிய அரச நூலகம், க்யூஜாங்காக். அவருக்கு அது வெறும் புத்தகசாலை அல்ல. இளம் அதிகாரிகளைத் தம் பக்கம் வளர்த்தெடுத்த இடம். துணைவியருக்குப் பிறந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அறிஞர்களுக்கும் இங்கே வேலை கொடுத்தார்.

மறுநாள் 1-ஆம் தடத்தில் சுவோன். சியோல் நிலையத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரம். 1789-இல் ஜொங்ஜோ தம் தந்தையின் கல்லறையைப் பழைய சுவோன் ஊர் இருந்த இடத்துக்கு மாற்றி, ஊரையே பால்தால் மலையடிக்கு நகர்த்தினார். கோட்டை வேலை நடந்தது 1794 முதல் 1796 வரை. மேற்பார்வை நாமின் கட்சியின் சே ஜே-கோங். திட்டமும் பளுதூக்கியும் அதே தரப்பைச் சேர்ந்த ஜோங் யாக்-யோங். தந்தைப் பாசம் உண்மைதான். ஆனால் நோரோன் வேரூன்றிய தலைநகருக்கு வெளியே சொந்தப் படையும் சொந்த ஊரும் வேண்டும் என்ற கணக்கும் இதில் தெளிவாக இருக்கிறது.

மதில் 5.74 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். பால்தால்முன் வாசலில் தொடங்கி, காலையிலேயே மலைப்படிகளை ஏறிவிடுங்கள். செங்குத்தான பகுதி அது ஒன்றுதான். உச்சியிலுள்ள சோஜாங்தேயில் நின்று 1795-இல் மன்னர் தம் ஜாங்யோங்யோங் படைக்கு இரவுப் பயிற்சி நடத்தினார். பிறகு ஹ்வாசோமுன், ஜாங்கான்முன், ஏழு கண் மதகுள்ள ஹ்வாஹோங்முன் என்று வலஞ்சுழியாக இறக்கம். சாங்ர்யோங்முன்னில் வளைவுக்குப் பக்கத்துக் கல்லைக் கிட்டே போய்ப் பாருங்கள்: வேலையைப் பொறுப்பேற்றவர்களின் பெயர்கள் செதுக்கியிருக்கும். கட்டுமானப் பதிவேட்டில் தொழிலாளிகளின் பெயரும் கூலியும், அரைநாள் வேலைவரை கணக்காக இருக்கிறது. கடைசியில் சந்தைப் பகுதியில் மதில் அறுந்துபோகும். பலர் வழி தவறுவது அங்கேதான். ஓடையைக் கடந்து பால்தால்முன்னைக் குறிவைத்து நடங்கள். மொபைலில் நேவர் மேப் இருந்தால் சிரமமில்லை.

நல்ல அரசர், கெட்ட நோரோன் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். ப்யோக்பா தலைவர் சிம் ஹ்வான்-ஜிக்கு ஜொங்ஜோ எழுதிய ஏறத்தாழ 300 ரகசியக் கடிதங்கள் 2009-இல் வெளிவந்தன. எப்போது மனு கொடுக்க வேண்டும், எப்போது ராஜினாமா செய்ய வேண்டும் என்று எதிரணித் தலைவருக்கு மன்னரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். அழித்துவிடச் சொன்ன கடிதங்களைச் சிம் பத்திரமாக வைத்திருந்தார். என்னைக் கேட்டால் ஜொங்ஜோவின் திறமையும் பலவீனமும் இதில்தான் இருக்கின்றன: எல்லாக் கயிறும் அவர் கையில். 1800-இல் அவர் இறந்ததும் அரியணை அவருடைய சிறுவயது மகன் சுன்ஜோவுக்குப் போனது. அதிகாரம் ப்யோக்பாவை ஆதரித்த மூத்த அரசி ஜோங்சுன்னிடம். 1801-இல் கத்தோலிக்கர் மீதான ஒடுக்குமுறையில் ஜோங் யாக்-யோங் நாடுகடத்தப்பட்டு 18 ஆண்டுகள் கழித்தார். 1802-இல் ஜாங்யோங்யோங் படை கலைக்கப்பட்டது.

தந்தையும் மகனும் அடங்கியுள்ள யுங்னுங், கொல்லுங் கல்லறைகளுக்கு 1-ஆம் தடத்தின் ப்யோங்ஜோம் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். திங்கட்கிழமை இந்தக் கல்லறைகளும் சியோலின் அந்த இரண்டு அரண்மனைகளும் மூடியிருக்கும். அன்றைக்கு மதில் நடையை வைத்துக்கொள்ளுங்கள்.