ஆளுக்கு ஐம்பது பவுண்டு: மான்செஸ்டர் நாட்குறிப்பு

செப்டம்பர் 19, 2023, செவ்வாய்

இன்று மாணவர் சங்கங்களின் சந்தை. புதிதாக வந்த பிள்ளைகளைப் பிடிக்க ஆளாளுக்கு ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மலையேறுகிறவர்களுக்கு, சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு, பாலாடைக்கட்டி ருசிக்கிறவர்களுக்குக்கூடச் சங்கம் இருக்கிறது. என் வீட்டுத் தோழிகள் இருவரும் ஆப்பிரிக்க-கரீபியச் சங்கத்தின் பொறுப்பில் இருப்பதால், பெட்டி தூக்க என்னையும் இழுத்துப் போனார்கள்.

பெயர்களை இங்கே எழுதுவதில்லை என்று ஒப்பந்தம். செயலாளர், கூமாசி அக்கா. கானா நாட்டுக் கூமாசிக்காரர், முனைவர் பட்டத்தில் என்னைவிட ஒரு வருடம் மூப்பு. 'அக்கா' என்றால் என்னவென்று ஒருமுறை சொன்னேன். அதற்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. பொருளாளர் பர்மிங்ஹாம் பெண், தாத்தா பாட்டி ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். தலைவன் தெற்கு லண்டனில் பிறந்த நைஜீரிய வீட்டுப் பையன், 21 வயது. மைக் கிடைத்தால் விடமாட்டான்.

அந்த ஒரு வரிசையில் மட்டும் எத்தனை மேசை! நைஜீரியச் சங்கம் தனி, கானா தனி, சோமாலி தனி, சூடான் தனி, காங்கோ தனி. எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய எங்கள் தோழிகளின் மேசையில்தான் கூட்டம் குறைவு. லாகோஸிலிருந்து நேற்று வந்திறங்கியவர் நைஜீரிய மேசைக்குப் போகிறார்; அங்கே இருப்பதும் லண்டன் பிள்ளைகள், அவர் பேசும் ஆங்கிலத்துக்கு அவர்கள் முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு. அவரும் அதைக் கவனித்துவிடுகிறார்.

எனக்கு இது பழகிய காட்சி. கோடியில் தமிழ்ச் சங்க மேசையும் இருந்தது. லண்டனில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். "நான் மதுரை" என்றேன். "ஓ, இந்தியாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஒரு வடை கொடுத்தார்கள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

பிரிட்டனில் அக்டோபர்தான் கறுப்பின வரலாற்று மாதம். இந்த முறை எல்லாச் சங்கங்களையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூட்டுவது என்பது தலைவனின் கனவு. நாளும் இடமும் சரியாக அமைந்திருக்கின்றன. 1945 அக்டோபர் 15 முதல் 21 வரை உலகெங்குமுள்ள ஆப்பிரிக்க வம்சத்தவரை ஒன்றுசேர்க்கும் பான்-ஆப்பிரிக்க மாநாடுகளில் ஐந்தாவது நடந்தது இந்த ஊரில், ஆக்ஸ்ஃபோர்டு சாலைக்குப் பக்கத்தில், சார்ல்டன்-ஆன்-மெட்லாக் நகரசபைக் கூடத்தில். இந்த அக்டோபர் 15 ஞாயிற்றுக்கிழமை. நடந்தே போகலாம்.

அறை முன்பதிவு கிடைக்காததால் கூட்டம் எங்கள் சமையலறையில். ஒன்பது பேர், நாலு நாற்காலி. சுவரொட்டியில் என்ன போடுவது என்பதிலேயே இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் வரைபடம் என்றான் தலைவன். "அதில் ஜமைக்கா எங்கே?" என்றாள் பொருளாளர். சரி, வண்ணம் மட்டும் போடுவோம் என்றார்கள். எந்த வண்ணம்? கறுப்பின மக்களைத் திரட்டிய மார்கஸ் கார்வியின் இயக்கம் 1920இல் அறிவித்த சிவப்பு-கறுப்பு-பச்சையா, எத்தியோப்பியாவிலிருந்து வந்து கானா எடுத்துக்கொண்ட சிவப்பு-மஞ்சள்-பச்சையா? அக்கா தன் நாட்டுக் கொடியின் கறுப்பு நட்சத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகப் பேசிவிட்டார். பொருளாளர் சட்டென்று, "அந்த நட்சத்திரமே எங்கள் கப்பலிலிருந்து வந்ததுதான்" என்றாள். உண்மைதான். ஜமைக்காக்காரரான கார்வி நடத்திய கப்பல் நிறுவனத்தின் பெயர் பிளாக் ஸ்டார் லைன். அந்த நட்சத்திரத்தைத்தான் 1957இல் சுதந்திரம் வாங்கிய கானா தன் கொடியில் வைத்தது. அக்கா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டு, "அப்படியானால் வாடகை கேட்பாயா?" என்றார்.

சூடான் பெண் மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: "அரபுச் சங்கத்துக்குப் போனால் ஆப்பிரிக்கர் என்கிறார்கள். இங்கே வந்தால் அரபு என்கிறார்கள். ஏப்ரலில் சூடானில் போர் வெடித்ததும் என் அம்மா கார்ட்டூமை விட்டு வெளியேறினார். வீட்டில் என்ன மிச்சம் என்றே தெரியவில்லை. நான் வண்ணத்தைப் பற்றி என்ன சொல்ல?"

செப்டம்பர் 28, வியாழன்

சோதனைக்கூடத்தில் கருவி பழுது. பொருளாளரோடு மத்திய நூலகத்துக்குப் போனேன். அங்கே இனவுறவு வரலாற்றுக்கென்றே அகமது இக்பால் உல்லா மையம் இருக்கிறது.

இந்தக் கதையில் எத்தனை பேர் படிக்க வந்த இடத்தில் படிப்பை விட்டுச் சங்கம் நடத்தியவர்கள்! 1900இல் லண்டனில் முதல் பான்-ஆப்பிரிக்க மாநாட்டைக் கூட்டிய டிரினிடாட்காரர் ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் அப்போது சட்ட மாணவர். 1925இல் மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தை லண்டனில் தொடங்கிய லாடிப்போ சோலங்கேயும் சட்டம் படிக்க வந்தவர். பின்னாளில் கானாவின் முதல் தலைவரான குவாமே நிக்ரூமா அமெரிக்காவில் படித்தபோது அங்கிருந்த ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தின் தலைவர். 1945இல் லண்டனுக்கு வந்து சில மாதங்களுக்குள் டிரினிடாட்டில் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் பாட்மோரோடு சேர்ந்து மான்செஸ்டர் மாநாட்டு வேலையில் இறங்கிவிட்டார். என் ஆய்வு நெறியாளர் இதையெல்லாம் படிக்காமல் இருக்கட்டும்.

ஏன் மான்செஸ்டர்? பொருளாளருக்கு இதில்தான் ஆர்வம், பணம் எங்கிருந்து வந்தது என்பதில். கயானாவில் பிறந்த ராஸ் மக்கோனன் இந்த ஊரில் ஆக்ஸ்ஃபோர்டு சாலையில் உணவகங்கள் நடத்தினார். மாநாட்டுச் செலவில் பெரும்பங்கு அந்தக் கல்லாவிலிருந்து வந்தது. கூடத்தில் தொங்கவிட்டவை மூன்றே கொடிகள்: எய்ட்டி, லைபீரியா, எத்தியோப்பியா. வந்தவர்கள் சுமார் 90 பேர். அமெரிக்கக் கறுப்பின அறிஞர், 77 வயது டுபாய்ஸ் வந்தார். தன் நாட்டுக்கு 18 வருடம் கழித்துச் சுதந்திரம் வரும் என்று தெரியாத, பின்னாளில் கென்யாவின் முதல் அதிபரான கென்யாட்டா வந்தார். முதல் நாள் அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் மார்கஸ் கார்வியின் முதல் மனைவி ஏமி ஆஷ்வுட் கார்வி. பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று அங்கே கேட்டவர்கள் அவரும் ஜமைக்காவின் ஆல்மா லா பேடியும்தான். "இரண்டு பேரும் ஜமைக்கா" என்று பொருளாளர் நோட்டில் அடிக்கோடு போட்டாள். வரைபடத்தில் இடம் கிடைக்காத கோபம் இன்னும் ஆறவில்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

முதுகலை படிக்கும் லாகோஸ்காரர் ஒருவர், 34 வயது, சுவரொட்டி ஒட்ட வருவதாகச் சொல்லியிருந்தவர், இரவு எட்டு மணிக்கு வந்தார். ஒட்ட வரவில்லை, சொல்லிக்கொண்டு போக வந்தார். ஜூனில் நைஜீரிய அரசு தன் நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையின் கையில் விட்டது. டாலருக்கு 460, 470 என்றிருந்தது ஒரே வாரத்தில் 750ஐத் தொட்டது. ஊரில் சேர்த்து வைத்திருந்த பணம் அதே பணம்தான். பவுண்டாக மாற்றினால் பாதிக்குக் கொஞ்சம் மேல். மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கிறார். அக்டோபர் 31க்குள் கட்ட வேண்டிய தவணையில் ஆயிரம் பவுண்டு குறைகிறது. "உங்கள் விழாவுக்கு முன்பே நான் ஊரில் இருப்பேன் போலிருக்கிறது" என்று சிரிக்க முயன்றார்.

சங்கத்தின் கணக்கில் பணம் இருக்கிறது, ஆனால் தனி ஆளுக்குக் கொடுக்க விதியில் இடமில்லை. தலைவன் உடனே இணையத்தில் நிதி திரட்டலாம், காணொளி எடுக்கலாம் என்றான். லாகோஸ்காரரின் முகம் இறுகிவிட்டது. எல்லார் கண் முன்னாலும் கையேந்தச் சொல்கிறான் என்று அந்தப் பையனுக்கு உறைக்கவில்லை.

அப்போதுதான் பொருளாளர், குளிர்சாதனப் பெட்டி மேல் சாய்ந்தபடி, "என் பாட்டியாக இருந்தால் பார்ட்னர் போட்டிருப்பாள்" என்றாள். பத்துப் பேர், வாராவாரம் ஆளுக்கு ஒரு தொகை, ஒவ்வொரு வாரமும் மொத்தமும் ஒருவர் கைக்கு. ஜமைக்காவிலிருந்து வந்தவர்களுக்கு 1950களில் இங்கே வங்கிகள் கடன் தர மறுத்தபோது, வீட்டுக்கு முன்பணம் கட்டியது இந்தப் பணத்தில்தான்.

லாகோஸ்காரர் நிமிர்ந்தார். "இது அஜோ. எங்கள் அம்மா சந்தையில் போடுவார். எசூசூ என்றும் சொல்வோம்." அக்கா, "கானாவில் சூசூ" என்றார். டிரினிடாட் வம்சத்துப் பையன் கையைத் தூக்கி, "எங்களுக்கும் சூசூதான்!" என்று கத்தினான். யொரூபாச் சொல் அடிமைக் கப்பலில் ஏறிப் போய் அங்கே பிழைத்துக் கிடந்திருக்கிறது. அதன்பின் ஏலம் மாதிரி ஆகிவிட்டது. எத்தியோப்பியப் பெண்: எக்குப். கேமரூன் பையன்: ஞாங்கி. கென்யாக்காரி: சாமா. லெஸ்டரிலிருந்து வந்த சோமாலிப் பையன்: அயுதோ, இத்தாலியர்கள் விட்டுப்போன சொல். கயானாவில் பாக்ஸ், அதாவது பெட்டி.

அதுவரை பேசாமல் இருந்த சூடான் பெண் எழுந்து நின்றாள். "சந்தூக். அதுவும் பெட்டிதான். எங்கள் தெருவில் சந்தூக் நடத்தியதே என் அம்மா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "சீட்டு" என்றேன். எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்த அத்தை ஒரு நாள் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போன கதையையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் அப்படி ஓடிப்போன ஓர் அத்தை இருந்தார் என்று தெரியவந்தது. பத்தரை மணிவரை அந்த அத்தைகளின் கதைதான்.

அக்டோபர் 8, ஞாயிறு

கணக்கு முடிந்தது. 12 பங்கு, ஆள் 11. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பங்குக்கு ஐம்பது பவுண்டு, ஒரு முறைக்கு 600. லாகோஸ்காரருக்கு இரண்டு பங்கு, முதல் இரண்டு முறையும் அவருக்கே. தன் பங்கைக் கட்டியது போக அவர் கையில் ஆயிரம் நிற்கும். இந்தச் சீட்டு சங்கத்தின் பெயரில் இல்லை, பதினொரு பேருக்குள்.

எத்தியோப்பியப் பெண் எளிதில் விடவில்லை. எக்குப்பில் குலுக்கல்தான், யாருக்கு அவசரம் என்று பார்க்க ஆரம்பித்தால் நாளைக்கு எல்லாருக்கும் அவசரம் வரும் என்றாள். எங்கள் ஊரிலும் குலுக்கல் சீட்டு உண்டு, அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடைசியில் முதல் இரண்டு தவிர மற்றவற்றைக் குலுக்கினோம். பிரியாணி அரிசி டப்பாவில் துண்டுச் சீட்டுகள். எனக்கு ஒன்பதாவது, பிப்ரவரி 4. கூமாசியில் வீடுவீடாக வந்து வசூலிக்கும் சூசூக்காரர் மாதத்தில் ஒரு நாள் வசூலைக் கூலியாக எடுத்துக்கொள்வாராம். உனக்கும் அப்படி வேண்டுமா என்று அக்கா கேட்டதற்கு, "பாட்டிக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள்" என்றாள் பொருளாளர்.

சுவரொட்டிச் சண்டையும் யாரும் கவனிக்காமலே முடிந்துபோனது. வரைபடமும் இல்லை, கொடியும் இல்லை. தேதியும் தெருப்பெயரும் மட்டும்.

அக்டோபர் 15, ஞாயிறு

அறுபது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். கேவண்டிஷ் தெருவில் அந்தக் கூடத்தின் முகப்பு மட்டும்தான் மிச்சம். தூண்களும் முக்கோண நெற்றியும் அப்படியே நிற்கின்றன. பின்னால் ஒட்டியிருப்பது வேறு பல்கலைக்கழகத்தின் புதுக் கட்டடம். சுவரில் மாநாட்டை நினைவுகூரும் சிவப்புப் பலகை.

தலைவன் பேசினான், நன்றாகவே பேசினான். கொஞ்சம் நீளம். ஏமி கார்வியையும் ஆல்மா லா பேடியையும் பற்றிப் பொருளாளர் பேசினாள். சூடான் பெண் பேசவில்லை. போர் நிவாரண நிதிக்கு ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தாள், அதில் 'சந்தூக்' என்று மட்டும் எழுதியிருந்தாள். நைஜீரியச் சங்கமும் கானாச் சங்கமும் தனித்தனியாக வந்து தனித்தனியாக நின்றன. சாப்பாட்டு வேளையில்தான் கலந்தன, அதுவும் யாருடைய ஜாலோஃப் சோறு உயர்ந்தது என்று சண்டை போடத்தான். ஜாலோஃப் என்ற பெயரே செனகல் பக்கத்துப் பழைய ராஜ்யத்தின் பெயர். செனகல் மாணவர் ஒருவர் இரண்டு பானைகளிலிருந்தும் சாப்பிட்டுவிட்டு எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் கை துடைத்தார்.

முதல் சீட்டு: 600 முழுதாக வந்தது. லாகோஸ்காரர் எண்ணாமல் பையில் வைத்தார். அக்கா அதட்டி எண்ண வைத்தார்.

அக்டோபர் 29, ஞாயிறு

இன்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டார்கள். ஐந்து மணிக்கே இருட்டு.

இரண்டாவது சீட்டு. மாலை ஆறு மணிக்கு 550 தான் சேர்ந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே மட்டும் குறி இல்லை. தலைவன்! கேவண்டிஷ் தெருவில் இருபது நிமிடம் ஒற்றுமையைப் பற்றிப் பேசிய அதே பையன். செய்தி அனுப்பினால் பதில் இல்லை. லாகோஸ்காரர், பரவாயில்லை, இரவுப் பணிக் காசிலிருந்து போட்டுக்கொள்கிறேன் என்றார். "பரவும்" என்றாள் பொருளாளர். நாற்காலியை விட்டு எழவில்லை, ஆனால் முகத்தில் அந்தப் பாட்டி வந்து உட்கார்ந்திருந்தாள்.

அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் கிளம்பினார். முக்கால் மணி நேரம் கழித்து அவரோடு அவன் வந்தான், தலை நனைந்து, கடிகாரம் மாறியதில் குழம்பிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே. கடிகாரம் பின்னால்தானே போனது, உனக்கு ஒரு மணி நேரம் கூடத்தானே கிடைத்தது என்று கேட்டேன். பதில் இல்லை. பத்து பவுண்டுத் தாள்கள் ஐந்தை மேசையில் வைத்தான். பொருளாளர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் குறி போட்டாள். அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தட்டு எடுத்து வைத்தார் அக்கா.