கேபிளைப் பிடுங்கினால் கெர்னல் பேனிக்

எங்கள் ஆய்வகத்தில் சென்சார் அளவீடுகளைச் சேகரிக்கும் யூஎஸ்பி கருவி ஒன்று உண்டு. அதற்கான லினக்ஸ் டிரைவர் கருவியை விற்றவர்களே கொடுத்தது. நல்ல வேளை, சோர்ஸோடு கொடுத்திருந்தார்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் சில சமயம் ஒன்றும் ஆகாது. சில சமயம் கணினி மொத்தமாக உறைந்து, கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரியும். கெர்னல் பேனிக்: இயங்குதளத்தின் மையமான கெர்னல், மீள முடியாத பிழையில் சிக்கி நின்றுவிடுவது.

பேனிக் ஆன கெர்னல் லாக்கை வட்டில் எழுதிவைக்காது. ரீபூட் செய்து பார்த்தால், நமக்கு வேண்டிய வரிகள் மட்டும் இருக்காது. கணினியில் சீரியல் போர்ட்டும் இல்லை. எனவே நெட்கன்சோல் போட்டேன். கெர்னல் அச்சிடும் வரிகளை அது யூடிபி பாக்கெட்டாக அடுத்த கணினிக்கு அனுப்பிவிடும். வைஃபையை நம்பி இதில் இறங்க வேண்டாம், ஈதர்நெட் கேபிள் செருகிவிடுங்கள். கன்சோலின் லாக் லெவலையும் உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பாதி வரிகள் வந்து சேராது.

கிடைத்த ஸ்டேக் டிரேஸில், அதாவது சாகும்போது எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்ற பட்டியலில், எங்கள் டிரைவரின் பெயரே இல்லை. கெர்னலின் டைமர் குறியீடு, அதை அழைத்த சாஃப்ட் ஐஆர்க்யூ (இன்டரப்ட் தள்ளிவைத்த வேலைகளைச் செய்யும் பகுதி), அவ்வளவுதான். கடைசி வரி ‘ஃபேட்டல் எக்ஸெப்ஷன் இன் இன்டரப்ட்’. உலகமே பயன்படுத்தும் டைமர் குறியீட்டில் பிழை இருக்கும் என்று நான் நம்பத் தயாராக இல்லை. யாரோ கெட்டுப்போன டைமரை அதன் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

கெர்னலின் நினைவக ஒதுக்கீட்டைச் சோதிக்கும் ஸ்லப் டீபக்கில் பாய்சன் வசதியை இயக்கி மறுபடி பிடுங்கினேன். இந்த முறை ரிஜிஸ்டர்களில் 6பி 6பி 6பி என்று வரிசையாக நின்றது. இந்த வசதி இயங்கும்போது, விடுவித்த நினைவகத்தை கெர்னல் இந்த எண்ணால் நிரப்பிவைக்கும். ஆக, டைமர் இருந்த நினைவகத்தை யாரோ ஏற்கெனவே கேஃப்ரீ செய்து விடுவித்துவிட்டார்கள், அது தெரியாமல் டைமர் இன்னும் வரிசையில் காத்திருக்கிறது. சில சமயம் மட்டும் சாவதற்கும் இதுதான் காரணம். விடுவித்த இடத்தை வேறு யாரும் எடுப்பதற்குள் டைமர் அடித்துவிட்டால், பழைய மதிப்புகள் அப்படியே இருப்பதால் எல்லாம் சரியாக ஓடுவதுபோலவே தெரியும்.

கையால் பிடுங்கிச் சலித்து, கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தக் கருவியின் ‘ஆத்தரைஸ்டு’ கோப்பில் 0 எழுதி மென்பொருள் வழியாகவே துண்டித்துப் பார்த்தேன். எத்தனை முறை செய்தாலும் சாகவில்லை. முதலில் எரிச்சல்தான் வந்தது, ஆனால் நல்ல துப்பு அங்கேதான் இருந்தது. மென்பொருள் வழியாகத் துண்டித்தால் காத்திருக்கும் யூஆர்பிகள் (யூஎஸ்பி பரிமாற்றக் கோரிக்கைகள்) ‘ஷட்டவுன்’ பிழையோடு ஒழுங்காகத் திரும்பும். கையால் பிடுங்கும்போது, ஹப் அதைக் கவனிக்கும் வரை ‘ப்ரோட்டோ’ போன்ற பரிமாற்றப் பிழைகள் வரும். டிரைவர் அதைத் தற்காலிகக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, ‘கால் நொடி கழித்து மறுபடி முயல்வோம்’ என்று ஒரு டிலேய்டு வொர்க்கை, அதாவது டைமர் அடித்ததும் ஓடும் வேலையை, போட்டுவைக்கிறது. அதற்குள் டிரைவரின் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் வந்து எல்லாவற்றையும் விடுவித்துவிடுகிறது.

ஊகத்தை உறுதிசெய்ய, கெர்னல் பொருள்களின் ஆயுளைக் கண்காணிக்கும் டீபக் ஆப்ஜெக்ட்ஸை டைமர்களுக்கு இயக்கி கெர்னலைக் கட்டினேன். 2008 முதல் கெர்னலிலேயே இருக்கும் வசதி, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேஏசான் அளவுக்குப் பேசப்படுவதில்லை. செத்த இடத்தைக் காட்டுவதற்குப் பதில், உயிரோடிருக்கும் டைமரை விடுவிக்கிற அந்தக் கணத்திலேயே இது கத்துகிறது: ‘ஃப்ரீ ஆக்டிவ்’, ‘டைமர் லிஸ்ட்’. கீழே ஸ்டேக் டிரேஸில் எங்கள் டிரைவரின் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன். பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

திறந்து பார்த்தால் அங்கே யூஎஸ்பி கில் யூஆர்பி இருந்தது, கேஃப்ரீ இருந்தது. டிலேய்டு வொர்க்கை ரத்து செய்யும் வரி எங்கும் இல்லை. மறுமுயற்சிக் குறியீட்டைப் பிற்பாடு சேர்த்தவர்கள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை போல.

சரி, கேன்சல் டிலேய்டு வொர்க் சிங்க் என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது என்று பார்த்தால், பூட்டுகள் சிக்கிக்கொள்ளுமா என்று பார்க்கும் லாக்டெப் உடனே எச்சரித்தது. டிஸ்கனெக்ட் ஒரு மியூட்டெக்ஸை (ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்துக்கொண்டு அந்த வொர்க் முடியக் காத்திருக்கிறது, வொர்க்கோ அதே மியூட்டெக்ஸ் கிடைக்கக் காத்திருக்கிறது. மாமியார் மருமகள் சண்டைபோல இருவரும் விட்டுக்கொடுக்காமல் நின்றிருப்பார்கள். ரத்து செய்யும் வரியை மியூட்டெக்ஸுக்கு வெளியே நகர்த்தினேன். கூடவே கில் யூஆர்பியை எடுத்துவிட்டு பாய்சன் யூஆர்பி போட்டேன். கில் இருக்கும் பரிமாற்றத்தை நிறுத்துவதோடு சரி, அதே யூஆர்பியை வொர்க் மறுபடி அனுப்பிவிட முடியும். பாய்சன் அதற்கும் சேர்த்துக் கதவடைக்கும். முதலில் பாய்சன், பிறகு ரத்து, கடைசியில் விடுவிப்பு. இந்த வரிசைதான் முக்கியம்.

சோதனைக்கு போர்ட்டின் மின்சாரத்தைத் தனித்தனியாகத் துண்டிக்கக்கூடிய ஹப் ஒன்றை வாங்கி, ஹப்பைக் கட்டுப்படுத்தும் யூஹப்சிடிஎல் நிரலைக் கொண்டு இரவு முழுக்க அணைத்து அணைத்துப் போடவிட்டேன். மின்சாரத்தைத் துண்டிப்பது டிரைவருக்குக் கையால் பிடுங்குவது போலத்தான், அதே பரிமாற்றப் பிழைகள் வருகின்றன. கேஏசானும் இயக்கத்தில் இருந்தது. நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை அது தன் கணக்குக்கு எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மந்தமாக்கும், சோதனைக் கணினியில் அதனால் என்ன. காலையில் லாக்கில் ஒரு புகாரும் இல்லை.

திருத்தத்தை, டீபக் ஆப்ஜெக்ட்ஸ் கொடுத்த டிரேஸோடு விற்பனையாளருக்கு அனுப்பினேன். அடுத்த வெளியீட்டில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை எங்கள் கணினிகளில் நாங்களே கட்டிய மாட்யூல்தான் ஓடுகிறது.