நகப்பூச்சுக் குப்பியின் பின்பக்கம்

நகப்பூச்சு வாங்கும்போது நிறத்தை மட்டுமே பார்த்துவந்த நான், நகங்கள் மஞ்சளித்து ஓரங்கள் செதில் செதிலாக உரியத் தொடங்கிய பிறகுதான், குப்பியின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படிக்கப் பழகினேன். ஃபார்மால்டிஹைடு, டொலுயீன், டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்று தீங்கான வேதிப்பொருள்களும் இல்லை என்பதைக் குறிக்கும் ‘3-ஃப்ரீ’ என்ற சொல்லுக்குப் பொதுவான சட்ட வரையறை கிடையாது; தாலேட்டை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் டிரைஃபீனைல் பாஸ்பேட் என்ற, அதுவும் ஐயத்துக்குரிய வேறொரு வேதிப்பொருளைச் சேர்த்த தயாரிப்புகளும் உண்டு. ஆகவே முகப்பு வாசகத்தைவிட உட்பொருள் பட்டியலையே நம்புகிறேன்.

விளக்கொளியில் இறுகும் ஜெல் பூச்சில் கூடுதல் கவனம் தேவை: அதிலுள்ள அக்ரிலேட் என்ற வேதிப்பொருள் சரியாக இறுகாமல் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம், வந்தால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் விடாது. ஜெல்லை இறுகச் செய்யும் டிபிஓ என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடைசெய்துள்ளது. பூச்சைக் கரைக்கும் அசிட்டோன் திரவம் நகத்தை வறட்டிவிடும் என்பதால் பூச்சை அகற்றியதும் ஒரு சொட்டு எண்ணெய் தடவுகிறேன். ஜன்னலைத் திறக்காமல் குப்பியின் மூடியைத் திருகுவதே இல்லை.