பாம்பன் பாலத்தில் விழாமல் போன ரிவர்ஸ் கியர்

போன ஆனி மாதம், கச்சான் காற்று ஊரையே தள்ளிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராமேஸ்வரத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகள் மேல் வண்டி தடக் தடக்கென்று ஏறி இறங்கியபோது ஏபிஎஸ் பிரேக் விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு, கியர்பாக்ஸ் எச்சரிக்கை மூன்றும் ஒரே நொடியில் எரிந்தன. கியர் எண் மினுக்கத் தொடங்கியது. பதறாமல் மண்டபம் பக்கம் இறங்கி, டீக்கடை ஓரம் நிறுத்த ரிவர்ஸ் போட்டேன். விழவில்லை. முன்னால் எடுத்தால் இரண்டாவது கியரிலேயே முக்கிக்கொண்டு நகர்ந்தது. வண்டியை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்து ஸ்டார்ட் செய்தேன். எல்லாம் சரியாக இருந்தது, எதுவுமே நடக்காதது போல.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், ஆறு கியர் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து இரண்டு வருடத்துக்கு முன் வாங்கியது. என் வீடு உச்சிப்புளி பக்கம், கடலிலிருந்து அரை கிலோமீட்டர் கூட இருக்காது. பல வருடம் காசு சேர்த்து வாங்கிய வண்டி என்பதால் அதற்கு ஒன்று என்றால் எனக்குத் தூக்கம் வராது.

கொஞ்ச நாளாகவே வேறொரு தொல்லையும் இருந்தது. 80, 90 வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் கையில் நடுங்கும். இரண்டையும் சொல்லி மதுரையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டேன். கம்ப்யூட்டரை மாட்டினார்கள், அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. கியர்பாக்ஸை இயக்கும் மூளையான மெக்கட்ரானிக்ஸ் போய்விட்டது, இரண்டரை லட்சம். பிரேக் டிஸ்க் வளைந்திருக்கிறது, நான்கையும் மாற்ற வேண்டும். எதை அளந்து பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கம்ப்யூட்டர் காட்டும் பழுதுக் குறியீடு, அதாவது கோடு, அப்படித்தான் வருகிறது என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

வழியெல்லாம் ஒரே கேள்வி. மெக்கட்ரானிக்ஸ் போனால் கியர்பாக்ஸ் விளக்கு எரியட்டும், ஏபிஎஸ்ஸும் ஸ்டீயரிங்கும் ஏன் கூடவே எரிய வேண்டும்?

ராமநாதபுரம் பைபாஸ் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். கார் வேலைக்கு வருவதற்கு முன் மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு வயரிங் பார்த்தவர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "எங்க வச்சு வந்துச்சு தம்பி?" என்றார். பாலத்தில் என்றேன். "குலுங்குறப்பதானே?" என்று திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வியை மதுரையில் யாரும் கேட்கவில்லை.

அவரும் ஸ்கேனரைத்தான் முதலில் மாட்டினார். ஆனால் கோடுகளின் பெயரைப் பார்த்ததோடு நிறுத்தவில்லை, ஒவ்வொரு கோடுக்குள்ளும் போனார். பழுது பதிவாகும் நொடியில் வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர், வேகம், மின்னழுத்தம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஐந்து கோடுகளிலும் ஒரே கிலோமீட்டர். மின்னழுத்தம் 9.4 வோல்ட். எஞ்சின் ஓடும் வண்டியில் 13.5க்கு மேல் இருக்க வேண்டிய இடம் அது. கியர்பாக்ஸின் மூளைக்கு மின்சாரம் போதாமல் போனால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பாதிக் கியர்பாக்ஸை மூடிவிடும். இந்த வகையில் 1, 3, 5, ரிவர்ஸ் எல்லாம் ஒரு கிளட்ச்சில், 2, 4, 6 இன்னொன்றில். ரிவர்ஸ் விழாமல் இரண்டில் மட்டும் நகர்ந்தது என்றால் முதல் பாதி மூடியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பேட்டரியை அளந்தார். 12.6 வோல்ட், லோடு கொடுத்தும் நன்றாகத் தாங்கியது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் நலம். அப்புறம் செய்ததுதான் முக்கியமான வேலை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை வண்டியின் உடம்பில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்தார். எஞ்சின் ஓட, ஏசி, ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். நல்ல எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவுக்கும் வண்டியின் உடம்புக்குமான இணைப்பு, இருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவே 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. 0.9 காட்டியது. பேட்டரி தட்டுக்கு அடியில் போகும் கருப்புக் கேபிளைப் பிடித்து லேசாக ஆட்டினார். எண் துள்ளி மூன்றைத் தாண்டிவிட்டு இறங்கியது. "பார்த்துக்கங்க தம்பி, இதுதான் உங்க பாலம்" என்றார்.

பேட்டரியையும் தட்டையும் கழற்றினோம். உடம்பில் எர்த் போல்ட் இருக்கும் இடம் தெரிந்தது. பேட்டரியிலிருந்து வரும் கேபிளும் கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளும் அங்கேதான் சேர்கின்றன. வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. முனையின் ரப்பர் உறையைப் பிளேடால் கீறி விலக்கியதும், கழுவாமல் கிடந்த செம்புக் குடத்தில் போல பச்சைக் களிம்பு. கம்பி இழைகள் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. பாதி இழைகள்கூட முழுதாக இல்லை. கீழே இரும்பில் துரு ஏடு ஏடாக உரிந்து வந்தது. காலையில் ஸ்டார்ட்டர் ஒரு நொடி சோம்பிச் சுற்றியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேட்டரி பழசாகிறது என்று நினைத்திருந்தேன்.

உப்புக் காற்றில் இது நடப்பதுதான். மண்டபம், பாம்பன் பக்கம் படகுக்காரர்கள் எர்த் முனையைத் தவறாமல் கழற்றித் தேய்ப்பார்கள். கார் வைத்திருக்கும் நாம் வெளியே தெரியும் பெயின்ட்டை மட்டும் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

புதுக் கேபிள் அடித்து, இரும்பை வெள்ளையாகத் தேய்த்து, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினார். இறுக்குவதற்கு முன் அல்ல, பிறகு. மீட்டரில் 0.04. கேபிளுக்கும் கூலிக்கும் சேர்த்து 1,400 ரூபாய். கியர் ஆயில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, கெடு நெருங்கியிருந்ததால் ஃபில்டரோடு அதையும் முடித்துவிட்டோம்.

பிரேக் வேறு கதை. எர்த் சரியானதும் ஏபிஎஸ் விளக்கு போய்விட்டது, நடுக்கம் போகவில்லை. நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன் சக்கரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். சின்ன ஆட்டத்தையும் அளக்கும் டயல் கேஜை வைத்து டிஸ்க்கைச் சுற்றினார். வலது முன் டிஸ்க் 0.14 மில்லிமீட்டர் ஆடியது. 0.05ஐத் தாண்டினாலே போகப் போக நடுக்கம் கொடுக்கத் தொடங்கும். ஆனால் டிஸ்க்கை மாற்றவில்லை, கழற்றினார். பின்னால், டிஸ்க் போய் உட்காரும் ஹப்பின் முகத்தில் ஒரு ஓரமாகத் துரு மேடு கட்டியிருந்தது. நகக்கண் அளவுகூட இல்லை. அந்த மேட்டின் மேல் உட்கார்ந்த டிஸ்க் நேராகச் சுற்றுமா? கம்பி பிரஷ்ஷால் ஹப்பைச் சுத்தம் செய்து, அதே டிஸ்க்கைத் திரும்ப மாட்டி அளந்தால் 0.03. டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேடு தேய்ந்து டிஸ்க்கில் திட்டுத் திட்டாகப் படிந்திருந்ததை லேசாகத் தேய்த்துவிட்டார்.

வந்த கையோடு மற்ற சக்கரங்களையும் பார்க்கலாம் என்று ஏர்வாடி வரை ஓட்டி வந்தோம், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல். இறங்கியதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு டிஸ்க்கையும் பார்த்தார். மூன்றில் 60 டிகிரிக்குப் பக்கம். இடது பின் சக்கரத்தில் 148. பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் வழுக்கி நகர்வதற்கான கம்பி உலர்ந்து இறுகிப்போயிருந்தது. உள்பக்கப் பேடு 3 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 8. இது யாருடைய கம்ப்யூட்டரிலும் கோடாக வந்திருக்காது. அந்தக் கம்பியைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் போட்டு, பின் சக்கரப் பேடுகளை மட்டும் மாற்றினோம்.

பிரேக் ஆயிலையும் மாற்றச் சொன்னார். டாட் 4 வகைப் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்தக் கணக்கு 155க்கு இறங்கிவிடும். 148 டிகிரியில் சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சக்கரத்தை நினைத்தபோது வயிறு கலங்கியது. போன மாதம்தான் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அரிச்சல்முனை போய் வந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு அண்ணனையும் ஏற்றிக்கொண்டு அதே பாலத்தில் போனேன். ஒவ்வொரு இணைப்பிலும் தடக்கென்றபோது என் கண் டாஷ்போர்டில்தான் இருந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. முகுந்தராயர் சத்திரம் தாண்டி, சாலையில் காற்று மணலை வரி வரியாக இழுத்துக்கொண்டிருந்தது. அரிச்சல்முனைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தெர்மாமீட்டரை எடுத்து நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தேன். முன்னால் 84, 86. பின்னால் 61, 60. அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டே, "வீட்டுக்குப் போனதும் அடியில நல்ல தண்ணி அடிச்சு விடுங்க தம்பி" என்றார். ரிவர்ஸ் போட்டேன், விழுந்தது.