அம்மா வீட்டுத் திருட்டும் 107ஏ கடிதமும்

போலீஸ் ரிப்போர்ட் செய்த பிறகு கேஸ் என்ன ஆனது என்று கேட்க நமக்குச் சட்டத்திலேயே உரிமை இருக்கிறது. எங்கள் பக்கம் பலருக்கு இது தெரியாது. மலேசியாவின் வட சிலாங்கூரில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன டவுன் எங்களுடையது. தோட்டத்து லயத்து வீடுகளை விட்டு வந்தவர்கள்தான் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பாதிப் பேர்.

அம்மா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்த நேரம் பின்கதவை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள். அன்றைக்கே பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ரிப்போர்ட் செய்தோம். அம்மா தமிழில் சொல்ல, நான் மலாயில் சொல்ல, அங்கிருந்தவர் தட்டச்சு செய்தார். கையெழுத்துக்கு முன் படித்துப் பார்த்தால் பட்டியலில் வளையலைக் காணோம். அங்கேயே சேர்க்கச் சொன்னேன். நீங்களும் வரிவரியாகப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். ரிப்போர்ட் எண்ணைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கைரேகை எடுக்க ஆட்கள் வந்தார்கள். அதோடு சரி. விசாரணை அதிகாரி (ஐ.ஓ.) போனை எடுப்பதில்லை. நேரில் போனால், ஐ.ஓ. வெளியே போயிருக்கிறார் என்பார்கள். ஒருமுறை கவுண்டரில் இருந்தவர், "இவ்வளவு நகையை வீட்டில் வைத்தது யார் தப்பு?" என்று அம்மாவிடமே கேட்டார். நகை போனதைவிட அந்தக் கேள்விதான் அம்மாவுக்கு வலித்தது.

நான் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பின் செயற்குழுவில் இருக்கிறேன். 1975இல் தொடங்கிய அமைப்பு, இப்போது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. எங்கள் பையன்கள் ராத்திரியில் எஸ்.ஆர்.எஸ். என்ற தன்னார்வ ரோந்து போவார்கள், சந்தேகப்படும்படி யாராவது திரிந்தால் முதல் போன் பாலாய்க்குத்தான். அதனால், கேஸ் நிலவரம் கேட்டு பாலாய்க்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் தலைவர் தயங்கினார். "தம்பி, நாளைக்கு ஒரு அவசரம்னா அவங்கதானே வரணும்? இப்ப லெட்டர் கிட்டர்னு போனா அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" அவர் பயம் புரிந்தது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தகவல் கொடுக்கும்போது மட்டும் கூட்டாளி, பதில் கேட்டால் வேண்டாதவன் என்றால் அது என்ன கூட்டு?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. ரிப்போர்ட் செய்து நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைதுசெய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். வீடு புகுந்து திருடுவது அதில் அடங்கும். ரிப்போர்ட் செய்த அதே நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு எழுதினால் இரண்டு வாரத்துக்குள் விசாரணை நிலவரத்தைத் தர வேண்டும். விசாரணையைக் கெடுக்கும் விவரங்களை மட்டும் சொல்லாமல் விடலாம். ஒரே பக்கத்தில் எழுதினேன்: ரிப்போர்ட் எண், தேதி, சட்டப்பிரிவு, வேண்டுகோள். கோபத்தைக் கொட்டவில்லை. இன்னொரு பிரதி கொண்டுபோய், பெற்றுக்கொண்டதற்குச் சாப்பு (முத்திரை) வாங்கினேன். அந்தச் சாப்பு முக்கியம். அது இல்லாவிட்டால் கடிதமே வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

இரண்டு வாரம் போயும் பதில் இல்லை. அப்புறம் அரசு வழக்கறிஞருக்கு, அதாவது சட்டத்துறைத் தலைவருக்கு, சாப்பு வைத்த பிரதியோடு புத்ராஜெயாவுக்கு போஸ் லாஜு விரைவு அஞ்சலில் அனுப்பினேன். அவர் உத்தரவிட்ட பிறகும் பதில் தராத அதிகாரிக்கு ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று அதே பிரிவு சொல்கிறது.

மாவட்டத் தலைமையகத்திலிருந்து போன் வந்தது. ஃபைலோடு உட்கார்ந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர் மரியாதையாகப் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். பழைய ஐ.ஓ. மாற்றலாகிப் போய்விட்டார். கைரேகை யாருடையதோடும் பொருந்தவில்லை. முனைக் கடை சிசிடிவி பதிவை யாருமே கேட்டு வாங்கவில்லை. இப்போது அது அழிந்து போயிருந்தது. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

அந்த எழுத்தை வைத்துத்தான் ஐபிசிசி ஆணையத்தில், அதாவது போலீசாரின் நடத்தை பற்றிய புகார்களை விசாரிக்கும் ஆணையத்தில், புகார் செய்தேன். போலீஸ் செய்யக்கூடாததைச் செய்வது மட்டுமில்லை, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் அங்கே புகாராகும். துன் முகமட் ஸைடின் அப்துல்லா தலைமையிலான அரச ஆணையம் 2005இலேயே சுதந்திரமான, தண்டிக்கும் அதிகாரமுள்ள ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மக்களவையில் ஐபிசிசி சட்டம் நிறைவேறியது 2022இல். நடப்புக்கு வந்தது 2023 ஜூலை 1. வந்தபோது பல் பிடுங்கித்தான் வந்தது. விசாரிக்கலாம், தண்டிக்க முடியாது. ஒழுங்கு நடவடிக்கை போலீஸ் படை ஆணையத்தின் கையில்; அதற்குத் தலைவர் உள்துறை அமைச்சர், போலீஸ் படைத் தலைவரும் அதில் ஓர் உறுப்பினர். லாக்கப்பைப் பார்க்கப் போவதானாலும் ஐபிசிசி முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் புகார் செய்தேன். வெளியில் ஒரு பதிவாவது இருக்கட்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்திருக்கிறது. நகை கிடைக்கவில்லை.

தலைவர் பயந்ததுபோல் ரோந்துக்கு இடைஞ்சல் எதுவும் வரவில்லை. போன கூட்டத்துக்கு நிலையப் பொறுப்பதிகாரி வந்தார். ஒரு மாதத்துக்கு மேல் பதில் இல்லாத ரிப்போர்ட் எண்களைப் பட்டியலாகக் கொடுத்தால் நிலவரம் சொல்வீர்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சரி என்றார். இப்போது வீடு வீடாகப் போய் எண்களை எழுதிக்கொண்டிருக்கிறோம்.